ஊற்றுத் தொட்டியின் இரண்டாவது குழாய்

தோட்டமே பைப்புக்காரர் என்று அழைத்த என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. பத்திரிகையில் உங்கள் படத்தைப் போட்டு நான்கு வரி எழுதலாம் என்று தம்பி சேகர் சொன்னான். நினைவில் வாடும் மகன், மகள், மருமகள் என்று முடியுமே, அந்த நான்கு வரி. படத்தை நீ கொடு, வரிகளை நான் எழுதுகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் வாட்டம் வரவில்லை அப்பா, கோபம்தான் வருகிறது. நான்கு வரியில் அது அடங்கவும் இல்லை. யார் மேல் கோபம் என்று கேட்டால் ஒரு வரிசையே இருக்கிறது. அதில் நீங்களும் நிற்கிறீர்கள்.

நம் தேயிலைத் தோட்டத்தின் இரண்டு பழைய பங்களாக்களை ஒரு கம்பெனி எடுத்து விடுதியாக்கியது உங்கள் காலத்திலேயே நடந்ததுதான். மூன்று நாள் மலை நடை, இரண்டு இரவு தங்கல். கூடாரம் கிடையாது, முதுகில் சுமை கிடையாது. பிரிஞ்சாங்கில் பையை லேண்ட்ரோவரில் போட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு நடக்கலாம். சாயங்காலம் போய்ச் சேரும்போது பை நமக்கு முன்னால் அறையில் இருக்கும். மூன்றாம் நாள் கம்போங் ராஜா பக்கம் இறங்கினால் வேன் காத்திருக்கும். அதில் சேகருக்கு வழிகாட்டி வேலை கிடைத்த அன்று எனக்குப் போன் செய்தீர்கள். "தம்பி கழுத்துல பேரு அட்டை மாட்டியிருக்கான்மா" என்றீர்கள். அவ்வளவு சந்தோஷமான குரலை உங்களிடம் நான் அதிகம் கேட்டதில்லை.

போன மாதம் நானும் அந்த மலை நடைக்குப் போனேன். கூட்டம் இல்லாத வாரத்தில் வேலைக்காரர்கள் குடும்பத்தில் ஒருவரைச் சும்மா அழைத்துப் போகலாமாம். "வாக்கா, அப்பா நடந்த பாதைதான். ஒரு தடவை பாரு" என்றான் சேகர். கல்லூரியில் புள்ளியியல் நடத்தி, நாற்காலியிலேயே முட்டி தேய்ந்தவள் நான். ஊற்றுக்கு நீங்கள் தினமும் ஏறிய அந்தப் பாதையில் சின்ன வயதில் இரண்டு முறைதான் வந்திருக்கிறேன். இரண்டு முறையும் அட்டைப்பூச்சிக்குப் பயந்து அழுதேன். ஆனாலும் சரி என்றேன்.

கிளம்பும் முன் லயத்துக்கு, நம் பழைய வரிசை வீட்டுக்குப் போனேன். சேகர் மனைவி தேவி வாசலில் நின்று நீல டிரம்மிலிருந்து வாளிக்குத் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். குழாயில் வருவதில்லையாம். வாரத்துக்கு இரண்டு நாள் தோட்டத்து லோரி கொண்டுவந்து ஊற்றுகிறது. இவ்வளவு மழை பெய்கிற மலையில், ஊற்றுக்குக் கீழேயே இருக்கிற வீடுகளுக்கு, லோரியில் தண்ணீர். காய்ந்த மாதங்களில்கூட முன்பு இப்படி இருந்ததில்லை என்றாள். பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி அக்கா தன் வாளியோடு வந்து நின்று என்னைப் பார்த்துக் கண் கலங்கினார்.

"உங்கப்பா போனாரு, தண்ணியும் அவரு கையோட போயிருச்சு. கைராசிக்காரரு லா."

எனக்கு இந்த மாதிரிப் பேச்சு பிடிக்காது. மனிதர் செத்தால் ஊற்று வற்றாது. மழை குறைந்திருக்கும், அல்லது குழாயில் எங்கேயாவது வெடிப்பு இருக்கும் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

உங்கள் கடைசி மூன்று மாதம் ஈப்போவில் என் வீட்டில்தானே கழிந்தது. முதலில் முட்டிக்கு வைத்தியம், பிறகு நெஞ்சுக்கு. விடிவதற்கு முன்பே எழுந்து கட்டிலில் உட்கார்ந்திருப்பீர்கள். நான் காப்பி கொண்டுவந்தால் அதைத் தொடும் முன்பே, "தேவிக்குப் போன் போடும்மா, பைப்புல தண்ணி வருதான்னு கேளு" என்பீர்கள். வரலக்கா என்பாள் அவள். நீங்கள் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பீர்கள். ஒரு நாள், ஒரே ஒரு நாள் மேலே போய்விட்டு மத்தியானமே திரும்பிவிடுகிறேன் என்று கேட்டீர்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனை வருடம் ஆயிற்று, இன்னும் என்ன பைப்பு என்று எனக்கு எரிச்சல். "அங்க அப்படி என்னத்த வச்சிட்டு வந்திருக்கீங்க?" என்று கத்தினேன்.

"ஒண்ணுமில்லம்மா" என்றீர்கள்.

அந்த 'ஒண்ணுமில்ல'யை நான் நம்பினேன். எதையும் ஆதாரமில்லாமல் நம்பாதே என்று பிள்ளைகளுக்கு வருடம் முழுவதும் சொல்லிக்கொடுக்கிறவள் நான்.

முதல் நாள் நடை சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. எங்களோடு ஐந்து பேர். கோலாலம்பூரில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு சீன அம்மா, அவர் கணவர், சிங்கப்பூரிலிருந்து இரண்டு பெண்கள், ஒரு வெள்ளைக்காரர். யாரும் கெட்டவர்கள் இல்லை. தேயிலைக் காட்டைப் பார்த்துப் பார்த்து வியந்தார்கள். நான் அவன் அக்கா என்று யாரிடமும் சொல்லவேண்டாம் என்று சேகர் காதோடு சொல்லியிருந்தான். ஓசியில் வந்தவள் என்று தெரிந்தால் நன்றாக இருக்காதாம். எனக்கும் அது வசதிதான். பேசாமல் நடந்தேன்.

விடுதி அறையில் மலையைப் பார்த்தபடி ஒரு வெள்ளைக் குளியல் தொட்டி, நான் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு நீளம். குழாயைத் திறந்தேன். தண்ணீர் சுவரில் மோதுகிற வேகத்தில் கொட்டியது. காலையில் தேவி மொண்ட வாளி ஞாபகம் வந்தது. அங்கே வேலை செய்த பெண்ணிடம், எங்கிருந்து வருகிறது இந்தத் தண்ணீர் என்று கேட்டேன். மலை ஊற்று, இரண்டு விடுதிக்கும் அதுதான் என்றாள் பெருமையாக. அப்போதும் எனக்குக் கணக்கு ஓடவில்லை. வெந்நீரில் படுத்துக் கால்வலியைப் போக்கிக்கொண்டேன். இதையும் நீங்கள் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

இரண்டாம் நாள் உங்கள் பாதை. வழியெல்லாம் பழைய இரும்புக் குழாய் மண்ணுக்குள் புகுந்தும் வெளியே வந்தும் கூடவே வந்தது. நீங்கள் நடந்துகொண்டே கம்பால் அதைத் தட்டுவீர்கள். நிறைந்த குழாய் மந்தமாகக் கேட்கும், காலிக் குழாய் மணி மாதிரி ஒலிக்கும். விடுதியில் கொடுத்திருந்த அலுமினியக் கம்பால் நானும் ஒரு தட்டு தட்டினேன். கணீர் என்றது. பத்தடி தள்ளித் தட்டினேன், கணீர். முன்னால் போன சேகர் திரும்பிப் பார்த்தான். நடையை எட்டிப் போட்டான்.

ஊற்றடியில் எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்தான். ஆங்கிலத்தில் ஆரம்பித்தான். அவனுடைய அப்பா இந்த ஊற்றின் காவலராம். மலையின் ஆவியோடு பேசுவாராம். அவர் கை வைத்தால் நீர் சுரக்குமாம். காலணியைக் கழற்றாமல் அவர் இங்கே கால் வைத்ததே இல்லையாம், நாமும் அந்த மரபை மதிப்போம் என்று சொல்லித் தன் பூட்ஸைக் கழற்றினான். அவர்களும் கழற்றினார்கள். சிங்கப்பூர்ப் பெண்களில் ஒருத்தி கண்ணை மூடிக் கைகூப்பினாள். ஆபீஸில் அச்சடித்துக் கொடுத்து மனப்பாடம் செய்யவைத்த பேச்சு என்று பிறகு சொன்னான். அச்சடித்தவருக்கு உங்களைத் தெரியாது. சேகருக்குத் தெரியுமே?

மருந்தடித்த தேயிலைக் காட்டைக் கடந்துதான் ஊற்றுக்கு வரவேண்டும். பூட்ஸில் புல்லுமருந்து ஒட்டியிருக்கும், அது குடிக்கிற தண்ணீரில் விழுந்துவிடக்கூடாது. நீங்கள் கழற்றியது அதற்காகத்தான். அழுதுகொண்டு வந்த எட்டு வயதுப் பெண்ணுக்கும் அந்த ஒரு காரணத்தைத்தான் சொன்னீர்கள். ஆவி என்று ஒரு வார்த்தை உங்கள் வாயில் நான் கேட்டதில்லை.

அங்கேயே பேசியிருப்பேன். ஆனால் காலிக் குழாயின் ஒலி காதிலேயே இருந்தது. ஊற்று நீர் சேரும் தொட்டியின் தகர மூடிமேல் இருந்த கற்களை ஒவ்வொன்றாக இறக்கினேன்.

"அக்கா, வேணாங்கா" என்றான் சேகர். எல்லோரும் இருக்கும்போதே அக்கா என்று சொல்லிவிட்டான். அவர்கள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

மூடியைத் தள்ளிவிட்டு உள்ளே பார்த்தேன். லயத்துக்குப் போகிற பழைய குழாயின் வாய் தண்ணீருக்கு மேலே, காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு சாண் கீழே புதிதாக ஒரு துளை, அதில் பருத்த கறுப்புக் குழாய், விடுதிகளுக்குப் போவது. அது தண்ணீரில் மூழ்கியிருந்தது. தொட்டி நிறைந்திருக்கும் வரை இரண்டுக்கும் கிடைக்கும். மட்டம் இறங்கினால் கீழே இருப்பவனுக்கு மட்டும்தான். இதைப் புரிந்துகொள்ளப் படிப்புத் தேவையில்லை.

கறுப்புக் குழாய் தொட்டிச் சுவரில் சேரும் இடத்தை வெளியே தடவிப் பார்த்தேன். சைக்கிள் டியூப்பை நாடாவாக வெட்டிச் சுற்றி, மேலே செம்புக் கம்பியால் கட்டியிருந்தது. கம்பி இடப்பக்கமாக முறுக்கப்பட்டிருந்தது. நம் தோட்டத்தில் இடதுகையால் கம்பி முறுக்குகிற ஆள் ஒருவர்தான்.

அந்தக் குழாயை மாட்டியது நீங்கள், அப்பா.

சேகரைத் தனியே இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன்.

"யாருடா அங்க ஓட்டை போடச் சொன்னது?"

"விடுதி சூப்பர்வைசரு. மார்க் பண்ணிக் கொடுத்தாரு. அப்பா மேல போடலாம்னுதான் சொன்னாரு. பிரஷர் பத்தாதுன்னுட்டாங்க."

"உடனே சரின்னுட்டாரா?"

"அதே வாரந்தான்கா எனக்கு வேலைக்குச் சொன்னாங்க." கீழே பார்த்துக்கொண்டே நின்றான். "டிரில் புடிச்சது நான்தான்."

திரும்பிப் போய் மூடியை எடுத்து வைக்கக் குனிந்தபோதுதான், தொட்டியின் உள்சுவரில் ஓர் ஆணியும் அதில் கம்பியில் தொங்கும் ஒரு கட்டையும் கண்ணில் பட்டன. ஒரு பக்கம் கூராகச் செதுக்கிய தேயிலைக் கட்டை, அதன்மேல் இறுகச் சுற்றிய பச்சைக் கட்டம் போட்ட துணி. அந்தத் துணியை எனக்குத் தெரியும். ஒரு தீபாவளிக்கு நான் வாங்கிக்கொடுத்த கைலி. அதை நீங்கள் ஒருநாளும் கட்டவில்லை என்று உங்களிடம் முகம் தூக்கிக்கொண்டிருந்தேன். கட்டையைக் கறுப்புக் குழாயின் வாயில் வைத்தேன். அளவெடுத்த மாதிரிப் பொருந்தியது.

இது என்ன என்று சேகரிடம் கேட்டேன். சத்தியமாகத் தெரியாது என்றான். கட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"காலையில நான் வேலைக்கு ஏறும்போது அவரு எறங்கிக்கிட்டிருப்பாரு. இடது கை முட்டி வரைக்கும் ஈரமா இருக்கும். என்னப்பான்னு கேட்டா, பனிடா, அப்படின்னுருவாரு."

ஆக, இதுதான் நீங்கள் மலைமேல் விட்டுவிட்டு வந்த 'ஒண்ணுமில்ல'. விடியற்காலையில் ஏறி விடுதிக் குழாயை அடைப்பீர்கள். மட்டம் உயர்ந்து லயத்துக்குத் தண்ணீர் போகும். எல்லா வீட்டிலும் பிடித்து முடிக்கிற நேரம் வரை குத்துக்காலிட்டுக் காத்திருந்து, விடுதியில் யாருக்கும் சந்தேகம் வரும் முன் கட்டையைப் பிடுங்கி ஆணியில் மாட்டிவிட்டு இறங்குவீர்கள். கைராசி. ஆவியோடு பேச்சு. ஓய்வு பெற்ற மனிதர் ஒருவர் மழையிலும் பனியிலும் தினமும் செய்த வேலைக்கு லயத்திலும் விடுதியிலும் வைத்த பெயர்கள்.

என் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து நீங்கள் ஏன் உள்ளங்கையைத் தேய்த்தீர்கள் என்று இப்போது தெரிகிறது. என்னிடம் ஏன் சொல்லவில்லை? நான் சத்தம் போடுவேன், தம்பி வேலை போய்விடும் என்றா? சரியாகத்தான் கணித்திருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் வாயைத் திறந்திருந்தால் லயத்து மக்கள் ஒரு வருடத்துக்கு மேலாக லோரிக்கு வாளியோடு நின்றிருக்க மாட்டார்கள். அந்தக் கணக்கில் பாதி உங்களுடையது. உங்களைக் காரில் ஏற்றிக்கொண்டுபோய் மேலே விடாத பாதி என்னுடையது.

வெளியாரிடம் நான் அதிகம் பேசாதவள் என்று உங்களுக்குத் தெரியும். அன்று அந்த ஐந்து பேரிடமும் பேசினேன். காலணியை ஏன் கழற்றவேண்டும் என்று சொன்னேன். என் அப்பா ஆவிக்காரர் அல்ல, தினக்கூலிக்குப் பைப்புப் பார்த்தவர் என்றேன். தொட்டிக்குள் எட்டிப் பார்க்கச் சொல்லி, எந்தக் குழாய் யாருக்குப் போகிறது என்று காட்டினேன். வெள்ளைக்காரர், நாம் நேற்றுக் குளித்தது இந்தத் தண்ணீரிலா என்று கேட்டார். ஆமாம், நானும்தான் என்றேன். பிறகு எல்லோருக்கும் முன்னால் கட்டையை உள்ளே செருகி, கல்லால் இரண்டு தட்டுத் தட்டினேன். சேகர் தடுக்கவில்லை. உதவவும் இல்லை.

அன்று சாயங்காலம் இரண்டாவது விடுதியில் குழாய் இருமிவிட்டு நின்றது. சூப்பர்வைசர் போனும் கையுமாக ஓடினார். விருந்தினருக்கு வாளியில் கொஞ்சம் வெந்நீர் கொண்டுவந்து மன்னிப்புக் கேட்டார்கள். ஆசிரியை அம்மா வராந்தாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு நாள் குளிக்காவிட்டால் செத்துவிடமாட்டேன் என்றார். உங்கள் மக்களுக்கு எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டார். என் அப்பாவை நான் என் வீட்டுக்கு அழைத்துப்போன நாளிலிருந்து என்றேன். அந்த வாக்கியத்தை அதுவரை நான் எனக்குள்கூடச் சொல்லிப் பார்த்ததில்லை.

மறுநாள் காலைச் சாப்பாட்டுக்குச் சேகர் தாமதமாக வந்தான். சட்டைக்கை ஈரம். சூப்பர்வைசர் குழாயைப் பார்த்துவரச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"லயத்து டேங்கி ரொம்பிருச்சுக்கா. தேவி போன் போட்டா. அப்புறந்தான் கட்டைய எடுத்தேன்" என்றான், குரலைத் தாழ்த்தி. "காத்து அடைச்சிக்கிச்சுன்னு சொல்லிட்டேன். நீ விட்டுரு. இனிமே தெனம் காலையில நானே அடைச்சு எடுத்துர்றேன். யாருக்கும் தெரியாது. அப்பா மாதிரி."

அவன் அதை அன்பாகத்தான் சொன்னான். எனக்குத் தட்டைத் தூக்கி எறியலாம் போல் இருந்தது.

அப்பா மாதிரி. இன்னும் முப்பது வருடம் இவனும் விடியற்காலையில் பதுங்கி ஏறி, ஈரக்கையைப் பனி என்று சொல்லிக்கொண்டு இறங்குவானா? நம் தண்ணீரை நாமே திருடிக் குடித்து, அதைச் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொள்வதா? பிறகு ஒரு நாள் இவன் முட்டியும் தேயும். அப்போது லயத்தில் யாராவது இவனையும் கைராசிக்காரன் என்பார்கள். இன்னொரு அப்பா எனக்கு வேண்டாம்டா என்றேன். அவனுக்கு வலித்தது. வலிக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

ஒரு பக்கம் மகனின் வேலை, இன்னொரு பக்கம் நாற்பது வீட்டின் குடம். நடுவில் நின்று நீங்கள் கண்டுபிடித்த வழி அந்தக் கட்டை. எனக்குப் புரிகிறது. புரிவதால் கோபம் குறையவில்லை.

மூன்றாம் நாள் நடையை நான் முடிக்கவில்லை. நேரே லயத்துக்கு இறங்கி, ஒரு தாளில் நடந்ததை எழுதி, வீடு வீடாகப் போனேன். சிலர் உடனே கையெழுத்துப் போட்டார்கள். சிலர் அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று உள்ளே போய்விட்டார்கள். பாப்பாத்தி அக்கா தாளை வெகுநேரம் பார்த்தார்.

"நீ கையெழுத்து வாங்கிட்டு ஈப்போவுக்குப் போயிருவ. நாங்கதானே இங்க இருக்கணும்?"

வருகிற சனிக்கிழமை வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். இதுவரை நான்கு சனிக்கிழமை வந்துவிட்டேன். மூன்றாவது சனிக்கிழமை பாப்பாத்தி அக்காவே பேனாவைக் கேட்டு வாங்கினார். அதுவரை உங்களைக் கைராசிக்காரர் என்றவர், அன்று, "மனுசன் எங்களுக்குச் சொல்லியிருந்தா முறை வச்சு ஆளுக்கு ஒரு நாள் ஏறியிருப்போமே" என்று உங்களைத் திட்டினார். எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

தோட்டத்து மேனேஜர் துரை கடிதத்தை வாங்கிக்கொண்டு, பார்க்கலாம் என்றார். விடுதிக்காரர்கள் பேசலாம் என்றார்கள். பார்க்கட்டும், பேசட்டும். உங்கள் வருட நாளன்று காலை பத்து மணிக்கு, விருந்தினர் கூட்டம் ஊற்றடிக்கு வந்து சேரும் நேரத்தில், நாங்கள் தொட்டிக்குப் போகிறோம் என்று இருவருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டோம். லயத்துக் குழாய் இருக்கும் இடத்தில் இருக்கும். விடுதிக் குழாய்க்கு அதற்கு மேலே ஒரு சாண் உயரத்தில் புதுத் துளை. லயத்துக்குப் போய் மிஞ்சினால் குளியல் தொட்டிக்குப் போகட்டும்.

சேகர் தாளில் கையெழுத்துப் போடாமலே இருந்தான். நானும் கேட்கவில்லை. நேற்று அவனே போன் செய்தான்.

"டிரில்ல நான் கொண்டாறேன்கா" என்றான். பிறகு கேட்டான், "பேரு அட்டையக் கழட்டிட்டு வரவா, மாட்டிட்டு வரவா?"

"மாட்டிட்டே வா" என்றேன்.

அவன் வேலை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருந்த அதே பயம் இப்போது எனக்கும் இருக்கிறது. என் வீட்டில் அவனுக்கும் தேவிக்கும் இடம் உண்டு என்று சொல்லியிருக்கிறேன். அது மலைக்கு ஈடாகாது என்பதும் தெரியும்.

அப்பா, உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு இது. பகலில், எல்லோர் கண் முன்னாலும், கீழே இருக்கும் அந்தத் துளையை உங்கள் கட்டையாலேயே அடைத்து, மேலே சிமெண்ட் பூசுவேன். அதைப் பிடுங்க இனி யாரும் இருட்டில் ஏறவேண்டியதில்லை. தொட்டிக்குப் போகும் முன் நாங்கள் எல்லோரும் காலணியைக் கழற்றுவோம். ஏன் என்று யாராவது கேட்டால், பூட்ஸில் மருந்து இருக்கும், இது நாங்கள் குடிக்கிற தண்ணீர் என்று சொல்வோம். சேகர்தான் சொல்வான், ஆங்கிலத்திலும்.

அந்தக் கைலியை நீங்கள் கட்டவில்லையே என்ற குறை எனக்கு இப்போது இல்லை.

பைப்புக்காரரின் மூத்த மகள்,
சாந்தா